எட்டு இறகு

வயிறு நிறைந்த புறாவைப் பறக்கவிடக் கூடாது. இதைப் பத்துக் கட்டளையோடு பதினொன்றாகச் சேர்க்காமல் விட்டது ஒரு குறை என்றே ரெபேக்கா நினைத்திருந்தாள். பசித்த புறா மேலே போய் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு கண்ணைக் கூட்டின் மேலேயே வைத்திருக்கும். கீழே நின்று விசிலடித்து, டப்பாவில் கம்புத் தானியத்தைக் குலுக்கினால் மடமடவென்று இறங்கிவிடும். தின்று கொழுத்த புறாவுக்கு டப்பாவாவது விசிலாவது! காற்று அடிக்கிற பக்கம் போகும், எவன் கூட்டம் பறக்கிறதோ அதில் கலக்கும், கடைசியில் எவன் மாடியிலோ இறங்கும். அந்த மாடிக்காரன் நல்லவனாக இருந்தால் திருப்பித் தருவான். தாராவியில் புறா வளர்ப்பவர்களில் அப்படிப்பட்ட நல்லவர்களை எண்ண ஒரு கை விரல் போதும், அதிலும் விரல் மிஞ்சும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய பதினான்கு புறாக்களும் விசிலுக்கு மசியாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ரெபேக்காவுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம்தான். அவள் காலையில் தீனி போடவில்லை. மாட்டுங்காவில் இரண்டு வீட்டுச் சமையலை முடித்து, மூன்று மணிக்குத் திரும்பி வந்ததும் கூட்டைத் திறந்து மேலே ஏவிவிட்டாள். பட்டினி வயிற்றோடு போன புறா இந்நேரம் காலடியில் வந்து விழுந்திருக்க வேண்டும். இவை என்னவோ கல்யாணச் சாப்பாடு முடித்துவிட்டுக் காற்று வாங்கப் போன மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன.

ஆறு மணிவாக்கில் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. ஒன்றைப் பிடித்து நெஞ்சுக்கு மேலே தீனிப்பையைத் தடவிப் பார்த்தாள். உள்ளே கூழாங்கல்லாகக் கொண்டைக்கடலை நெருடியது. பதின்மூன்று வந்துவிட்டன. டீச்சர் மட்டும் வரவில்லை.

டீச்சர் என்பது ஒரு பெட்டைப் புறா. சிலேட்டுக் கலர் உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை. அது முன்னால் போனால் மற்ற பதின்மூன்றும் வரிசை கட்டிப் பின்னால் போகும், அது திரும்பினால் திரும்பும், அது இறங்கினால் இறங்கும். அதனால்தான் அந்தப் பெயர். ரெபேக்கா குஞ்சிலிருந்து வளர்த்தது. அடைகாத்த தாய்ப்புறாவைப் பூனை கொண்டுபோன பிறகு, கண் திறக்காத அதற்குக் கடலை மாவைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டியவள் அவள். நாலு சந்துக்குள் புறா விடும் ஆண்கள் ஒன்பது பேர், பெண் அவள் ஒருத்திதான். அந்த ஒன்பது பேரும் முதலில் சிரித்தார்கள். டீச்சர் தலைமையில் அவள் கூட்டம் சயான் பக்கம் வரைக்கும் போய் ஒன்று குறையாமல் திரும்பியதைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. சந்து ஜனம் அவளைப் 'புறாக்காரி' என்று கூப்பிட்டால் அவளுக்குப் பெருமைதான். கோபர்கைரனேயில் இருக்கும், வீட்டுக்காரனுடைய அண்ணன் பெண்டாட்டி மூக்கைச் சுளித்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னால் மட்டும் ரத்தம் கொதிக்கும்.

அந்த டீச்சர், அடுத்த சந்துப் புறாக்காரர் நயினாரின் மாடியில் போய் இறங்கிவிட்டது. இங்கிருந்தே தெரிந்தது.

ஏணியில் தடதடவென்று இறங்கினாள். ஏணிக்கடியில் இருந்த கொண்டைக்கடலைப் பை பாதியாகிக் கிடந்தது. அது மாட்டுங்காவில் அவள் சமைக்கும் வீட்டு அகிலாண்டம் மாமி கொடுத்த பை. மாமி முப்பது வருஷமாகத் தெருப் புறாக்களுக்குத் தீனி போட்டுப் புண்ணியம் சேர்த்தவர். இப்போது தெருவில் போட்டால் அபராதம் என்றாகிவிட்டதால், "ரெபேக்கா, நீயாவது உன் புறாக்களுக்குப் போடேன்டீ, வாயில்லா ஜீவன்" என்று மூன்று கிலோவைத் தூக்கிக் கையில் கொடுத்திருந்தார். புண்ணியத்துக்குக்கூட ஆள் வைத்துவிடுகிறார்களே என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். வீட்டுக் குழம்புக்கு ஆகட்டும் என்று அங்கே வைத்தாள்.

வீட்டில் பதின்மூன்று வயது மகள் ஜெனி இருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். ரெபேக்கா நின்று நிதானிக்கவில்லை.

"புறாவுக்குக் கடலை போட்டியாட்டி?"

"நான் போடலம்மா."

"பொய் சொல்லாத. வேற யாரு இருக்கா இங்க?"

"சத்தியமா போடல."

விழுந்தது ஓர் அறை. ஜெனி அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள், பிறகு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெர்லின், ரெபேக்காவின் வீட்டுக்காரன், தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை சொன்னான்.

"போட்டும் விடு, சின்னப் பிள்ள."

டீச்சர் கைவிட்டுப் போய்விட்டது என்ற பயம் ரெபேக்காவுக்கு இல்லை. நயினாருக்கும் அவளுக்கும் சுலா உண்டு. புறாக்காரர்கள் சமாதானத்துக்கு வைத்திருக்கும் பெயர் அது. சுலா இல்லாதவன் புறா உன் மாடியில் இறங்கினால் அது உனக்கு. சுலா உள்ளவன் புறா இறங்கினால் மறுநாள் கூடு திறப்பதற்குள் ஒரு இறகு குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆறு வருஷமாக இரண்டு பேரும் இந்தப் பேச்சை மீறியதில்லை. வாயைத் திறந்தால் நயினாரிடமிருந்து வசவுதான் வரும், ஆனால் பிடித்த புறாவைப் பிடித்த மாதிரியே கொடுத்துவிடுவார். இஸ்திரிக் கடைக்காரர். அவர் கையில் போன துணியும் அப்படித்தான், ஒரு பொத்தான் குறையாமல் திரும்பும்.

"நான் போய் வாங்கிட்டு வாறேன்" என்று ரெபேக்கா புடவையை இழுத்துச் செருகினாள்.

"நீ ஜெபக் கூட்டத்துக்குப் போ. நான் போறேன்" என்றான் ஸ்டெர்லின்.

அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. கூட்டின் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன். இரண்டு மாதமாக அவனுக்குக் கோபர்கைரனேயில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேற வேண்டும் என்ற ஒரே பாட்டு. அவள் முடியாது என்றதிலிருந்து பேச்சும் குறைந்திருந்தது. அப்படிப்பட்டவன் இவள் புறாவைக் கொண்டுவர நயினார் மாடிக்கு ஏறுகிறேன் என்கிறான். மனசு மாறியிருக்கிறது என்று நினைத்தாள். ஜெபக் கூட்டத்திலிருந்து திரும்பும்போது கால் கிலோ மாந்தல் மீன் வாங்கி வந்து பொரித்தாள்.

ஸ்டெர்லின் எட்டு மணிக்குத் துணிப்பையோடு வந்தான். "கூட்டுக்குள்ள விட்டுட்டேன். களச்சுப் போயிருக்கு, இப்ப தொந்தரவு பண்ணாத" என்றான். அவள் தட்டில் இரண்டு மீனை அதிகம் வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையில் அழுக்குப் படாமல் இடுப்பில் சுற்றிச் செருகி, மாடிக்கு ஏறினாள். டீச்சர் கூட்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தாள். மடக்கிய இறக்கை வழுவழுவென்று சரியாகத்தான் இருந்தது. "எங்கட்டி போன? ஊர் சுத்தக் கழுத?" என்று கொஞ்சி, தலையில் ஒரு முத்தம் கொடுத்து, எப்போதும் செய்வதுபோல் இரண்டு கையாலும் ஆகாசத்தில் எறிந்தாள்.

டீச்சர் இறக்கையை விரித்தது. விரித்ததும் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு தரம் புரண்டு, சுவரின் விளிம்பைத் தாண்டி, எதிர்வீட்டுத் தகரத்தில் டமாரென்று மோதி, அங்கிருந்து உருண்டு, சந்தில் காயப்போட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் விழுந்தது.

ரெபேக்கா எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விரிப்பில் டீச்சர் ஒற்றைக் காலில் எழுந்து நிற்கப் பார்த்தது. எடுத்து வலது இறக்கையை விரித்தாள், நன்றாக இருந்தது. இடது இறக்கையை விரித்தாள். ஓரத்து இரண்டு இறகும் முழுசாக இருந்தன. அதற்கடுத்த எட்டு இறகும் பாதியோடு வெட்டப்பட்டிருந்தன. இறக்கையை மடக்கினால் ஓரத்து இரண்டும் மேலே படிந்து வெட்டை மூடிவிடும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

தானே எறிந்தோமே. அந்த நினைப்புதான் முதலில் வந்தது. இறக்கையை விரித்துப் பார்க்காமல் புறாவை எறிகிற புறாக்காரி உண்டா உலகத்தில்? அடுத்த மூச்சில் நயினார் நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கண் மண் தெரியவில்லை.

கோயில் புடவையும் கையில் புறாவுமாக அவள் அடுத்த சந்துக்குள் நுழைந்தபோதே ஜன்னல்கள் திறந்தன. நயினாரின் மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணாச்சி! வெளிய வாரும்! சுலா சுலான்னு வாய் கிழியப் பேசுவீருல்லா! பொட்டச்சி புறா உம்ம புறாவ விட ஒசர பறக்குதுன்னு வயிறு எரிஞ்சா மொகத்துக்கு நேரா சொல்லணும். வாயில்லாத சீவன் ரெக்கைய வெட்டி, துணியில பொதிஞ்சு குடுத்து விடுதீரே, நீரு மனுசந்தானா? இஸ்திரி போட்ட சட்ட போட்டுட்டா யோக்கியனாயிருவீரா?"

இன்னும் பேசினாள். எழுத முடியாததையும் பேசினாள். நயினாருக்கு அறுபது வயசு. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நாற்பது புறாவுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், வாயில் இருந்த பல்குச்சியை எடுத்துக் கீழே போட்டார். சந்தில் பத்திருபது பேர் கூடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசி முடிச்சிட்டியா?"

"இன்னும் இருக்கு."

"இருக்கட்டும். அந்தப் புறாவக் கொண்டா."

"ஒம்ம கையில குடுக்க மாட்டேன்."

"குடுக்காண்டாம். ரெக்கைய நீயே விரி. நல்லா விரி. இப்பப் பாரு. ஏ பிள்ள, நான் முப்பத்தஞ்சு வருசமா புறா விடுதேன். இதுவரைக்கும் ஒரு புறா மேல கத்தரி வச்சிருக்கேனா?"

அவள் விரித்த இறக்கையைக் குனிந்து பார்த்தாள்.

"அடுத்தவன் புறாவத் தன் கூட்டுல பழக்கணும்னா புறாக்காரன் என்ன செய்வான்? நூலு போட்டு ரெக்கையக் கட்டுவான். இல்ல, எறகப் பிடுங்குவான். பிடுங்குனா ஒன்றர மாசத்துல புதுசு மொளைக்கும், அதுக்குள்ள அது நம்ம கூட்டுக்குப் பழகிரும். வெட்டுனா என்ன ஆவும்? அடிக்கட்ட உள்ளயே நிக்கும். அடுத்த வருசம் எறகு உதுருத காலம் வர வரைக்கும் புதுசு வராது. ஒரு வருசத்துக்கு இதுக்குத் தண்டச் சோறு போட எனக்கென்ன பைத்தியமா? கத்தரி எடுக்கவன் எவனும் புறாக்காரன் இல்ல. ஒனக்குத் தெரியாததா இது?"

தெரியும். நன்றாகத் தெரியும். அவளே புதிதாகப் புறா வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். கோபம் வந்தால் அறிவு கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும் என்பது சும்மாவா?

"நேத்து ஆறரைக்கு ஒன் வீட்டுக்காரன் வந்தான்" என்றார் நயினார். "ரெண்டு ரெக்கையையும் விரிச்சுக் காட்டித்தான் குடுத்தேன். டீ குடிடேன்னேன். அவசரமாப் போணும்னுட்டான்."

ஆறரை. ஸ்டெர்லின் வீட்டுக்கு வந்தது எட்டு மணிக்கு. அடுத்த சந்திலிருந்து இந்தச் சந்துக்கு வர ஒன்றரை மணி நேரமா?

ரெபேக்கா இறக்கையை மறுபடி பார்த்தாள். எட்டு இறகும் ஒரே சாய்வில், ஒரே வீச்சில் வெட்டுப்பட்டிருந்தன. ஒரு பிசிறு இல்லை. ஓரம் தெரியாமல் இரண்டு இறகை மேலே மூடவிட்ட அந்த நறுவிசு அவளுக்குத் தெரிந்த நறுவிசு. ஸ்டெர்லின் அறுபதடி ரோட்டுத் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பை வாரின் நுனியை இப்படித்தான் கோணலாக, ஒரே இழுப்பில் வெட்டுவான். வெட்டு வெளியே தெரியாமல் மடிப்புக்குள் போகவேண்டும் என்பது அவன் தொழில் பெருமை. பதினாறு வருஷமாக அவன் கொண்டுவந்த துண்டுத் தோல்களைப் பார்த்துவருகிறவள் அவள்.

கடலையும் அப்போதுதான் விளங்கியது. தின்ற புறா இறங்காது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? அவள் வாய் ஓயாமல் சொல்லிக் கேட்டவனுக்குத் தெரியும். சனிக்கிழமை அவனுக்குப் பட்டறை அரை நாள். அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் இருந்திருக்கிறான்.

"அண்ணாச்சி" என்றாள். "நான் பேசுனத..."

"பேசுனது பேசுனதுதான். சந்தே கேட்டுது." அவர் சத்தம் போடவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "ஒன் மேல தப்பில்ல, ஒன் வீட்டுக்குள்ளதான் தப்பு. ஆனா யோக்கியன்னு எனக்கு இருந்த ஒத்தப் பேரையும் நீ நாலு பேரு முன்னால கிழிச்சிட்ட. இன்னையோட சுலா முடிஞ்சுது. இனி ஒன் புறா இங்க எறங்குனா எனக்கு. என் புறா அங்க எறங்குனா ஒனக்கு. போ."

அவள் ஏணியில் இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. ஆறு வருஷ சிநேகிதம் ஒரு கால் மணி நேரத்தில் மண்ணாய்ப் போயிற்று, அதுவும் செய்யாத தப்புக்கு அந்த மனுஷனைத் திட்டியதால். சந்தைக் கடந்து வீட்டுக்கு வருவதற்குள் அவள் உடம்பில் அழுகை என்று எதுவும் மிச்சமில்லை. எல்லாம் காய்ந்து நெருப்பாகியிருந்தது.

ஜெனி ஞாயிறு வகுப்புக்கு முன்னாடியே போய்விட்டிருந்தாள். ஸ்டெர்லின் கண்ணாடி முன்னால் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க போயிட்ட? நேரமாச்சு" என்றான்.

"டீச்சர் ரெக்கைய யாருங்க வெட்டுனா?"

"வெட்டியிருக்கா? அந்த நயினாரு இருக்கானே, அந்தத் திருட்டுப் பய..."

"நயினார் அண்ணாச்சிட்ட போயிட்டுத்தான் வாறேன்."

பொத்தானில் இருந்த கை நின்றது. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் திரும்பாமல் சீப்பைத் தேடினான், சீப்பு எதிரிலேயே இருந்தது.

"பட்டறையில வச்சா வெட்டுனிய? தோலு வெட்டுத பலகையில வச்சா?"

"ஒரு புறாவுக்குப் போயி என்னட்டி இப்ப..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ஸ்டெர்லின் திரும்பினான். பிடிபட்ட பிறகு ஆண்களுக்கு வருமே ஒரு நியாயம், அது அவனுக்கும் வந்தது.

"ஆமா, நான்தான் வெட்டுனேன். என்ன இப்ப? ரெண்டு மாசமா சொல்லுதேன். கோபர்கைரனேல ரூம் பாத்து சாவி வாங்கியாச்சு. பாத்ரூம் வீட்டுக்குள்ள. ஜெனி படிக்க ஜன்னலோரத்துல எடம். இங்க மழ பேஞ்சா கட்டில் மேல குடும்பமே ஏறி உக்காருதோம். நீ என்ன சொன்ன? புறா இந்த மாடிய மறக்காது, எங்க கொண்டுபோனாலும் இங்கதான் திரும்பி வரும், நான் வரமாட்டேன்ன. பைத்தியக்காரி மாதிரி புறாவப் பிடிச்சிட்டுத் தொங்குத. அந்த ஒண்ணு பறக்கலைன்னா மத்ததெல்லாம் செதறிரும், நீயே அலுத்துப்போயி விட்டுருவன்னு நெனச்சேன். அதுக்கு வலிக்காது. போன்ல பாத்துத்தான் வெட்டுனேன்."

அவன் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை. அந்த ரூமை அவளும் போய்ப் பார்த்திருந்தாள். ஜன்னல் இருந்தது, பாத்ரூம் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஜெனியின் புத்தகங்களைப் பரணில் ஏற்றுகிறவளும் அவள்தான். அவன் வெறும் அயோக்கியனாக இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். நியாயத்தையும் கத்தரியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு நின்றான், அதுதான் அவளை எரித்தது.

"கேட்டீயளே, முடியாதுன்னேன். முடியாதுங்கதும் ஒரு பதிலுதான். அதுக்கு மேல சண்ட போட்டிருக்கணும். பாத்திரத்தத் தூக்கி எறிஞ்சிருக்கணும். ஒங்க அண்ணனக் கூட்டிட்டு வந்து பஞ்சாயத்து வச்சிருக்கணும். நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். ஒருவேள ஒத்துக்கிட்டும் இருப்பேன். நான் சொல்லிக்குடுத்ததையே வச்சு என் புறாவுக்குத் தீனி போட்டு, அது தானா வழிதவறுன மாதிரி காட்டி, ஒதவி செய்த மாதிரி போயி வாங்கிட்டு வந்து..." மூச்சு வாங்கினாள். "எட்டு மணிக்கு வந்து உக்காந்து நான் பொரிச்ச மீனத் தின்னீயளே!"

"சத்தம் போடாத. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். நேத்து ஜெனிய அடிச்சேன்."

ஸ்டெர்லின் தலை குனிந்தான்.

"அவ சத்தியம் பண்ணுனா. நான் நம்பல. கன்னத்துல அஞ்சு விரலும் பதியுத மாதிரி அடிச்சேன். கட்டில்ல சாஞ்சு பாத்துட்டுத்தான இருந்த நீ? 'போட்டும் விடு, சின்னப் பிள்ள'ன்னியே, எப்படிடா வாய் வந்துச்சு ஒனக்கு?"

பதினாறு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றது அன்றுதான், 'டா'வும் அன்றுதான். சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை. ஸ்டெர்லின் நிமிர்ந்து பார்த்தான். அறைவானோ என்று ஒரு கணம் இருந்தது, கை எழவில்லை. எழுந்திருந்தால் அன்றைக்கு அவளும் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

"ஜெனிட்ட நான் சொல்லுதேன்" என்றான் முணுமுணுப்பாக.

"சொல்லித்தான் ஆவணும். அது பொறவு. இப்ப இங்க வந்து தரையில உக்காரு."

"எதுக்கு?"

"உக்காருங்கேன்."

உட்கார்ந்தான். டீச்சரை அவன் கையில் வைத்தாள். "ரெண்டு காலும் விரலுக்கிடையில வரணும். நெஞ்ச அமுக்காத, மூச்சு விடணும். வலது ரெக்கைய ஒன் வயித்தோட சேத்துப் பிடி. இந்த ரெக்கைய நான் விரிக்கேன்."

"என்ன செய்யப் போற?"

"அடிக்கட்ட உள்ள நிக்கித வரைக்கும் புது எறகு வராது. ஒவ்வொண்ணாப் பிடுங்கணும். வலிக்காதுன்னு போன்ல பாத்தியே, இது அதுல வராது. கையில வச்சுப் பாத்துக்கோ."

இறக்கையின் எலும்பை இடது கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் கட்டையின் அடியில் வலது கையைக் கொடுத்து நேராக, ஒரே வெடுக்கில் இழுத்தாள். டீச்சருக்குத் தூக்கிப்போட்டது. சத்தம் போடவில்லை, புறா வலியில் கத்தாது. ஆனால் ஸ்டெர்லினின் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அதன் நெஞ்சு மிஷின் ஓடுவதுபோல் அடித்தது. அவனுடைய முகம் கோணியது.

"போதும், ரெபேக்கா."

"கைய விடாத. விட்டா எலும்பு முறியும்."

இரண்டாவதை இழுத்தாள். இறகு முளைத்த துளையில் ஒரு பொட்டு ரத்தம் கட்டி நின்றது. மூன்றாவது சுலபத்தில் வரவில்லை. இரண்டு தரம் பிடி நழுவியது. டீச்சர் திமிறி, அவன் வெள்ளைச் சட்டை மேல் எச்சமிட்டு, விரலை அலகால் கொத்தியது. ஸ்டெர்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறந்து பாரு. வெட்டும்போது தொறந்துதான வச்சிருந்த?"

கண்ணைத் திறந்தான். அவள் இழுத்தாள். மூன்றாவது கட்டை வேரோடு வந்தது. கூடவே இரண்டு சொட்டு ரத்தம் தெறித்து அவன் பெருவிரலில் விழுந்தது. அவள் மூன்று கட்டையையும் தரையில் அவன் முழங்காலுக்கு எதிரே வைத்தாள். துளைகளில் மஞ்சள் தூளை அழுத்தினாள். தன் கையால் ஊட்டி வளர்த்ததைத் தானே பிடுங்க வைத்தவனை ஜென்மத்துக்கும் மன்னிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள்.

தூரத்தில் கோயில் மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"பறக்குமா?" என்றான்.

"ஒன்றர மாசம் ஆவும். கால் என்ன கதின்னு இன்னும் தெரியல."

"பறந்த பொறவு... கோபர்கைரனே..."

ரெபேக்கா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். அந்த நல்ல புடவை இனிமேல் கோயிலுக்கு ஆகாது. ஆணியில் தொங்கிய புது ரூம் சாவியை எடுத்து, டீச்சரைப் பிடித்திருந்த அவன் கைகளுக்கு மேலே, சட்டைப் பைக்குள் போட்டாள்.

"சாவி வாங்கியாச்சுல்லா, நீ போ. இன்னைக்கே போனாலும் சரிதான். ஒரே நேரத்துல எல்லாத்தையும் பிடுங்குனா செத்துரும். இன்னும் அஞ்சு கெடக்கு. வியாழக்கெழம சாயந்திரம் வந்து பிடிச்சுக் குடுத்துட்டுப் போ."